முப்பது கட்டிலுக்கு ஒரு சிஸ்டர்

வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் அம்மாவுக்கு 76 வயது. வாசலில் கோலம் போடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, டாக்டர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது முதுகுக்குக் கீழே படுக்கைப்புண்ணோடு வந்தார்.

அது பெண்கள் வார்டு என்பதால் ராத்திரியில் என் மனைவிதான் துணைக்கு இருந்தார். அவரால் தனியாக அம்மாவைப் புரட்ட முடியாது. முப்பது கட்டிலுக்கு ஒரே ஒரு சிஸ்டர். கூப்பிட்டால் "வரேன், போங்க" என்பார், வரமாட்டார். ஒரு நாள் அம்மா பெட்பேனுக்காகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதற்கு, "சும்மா சும்மா கூப்பிடாதீங்க பாட்டி" என்று வார்டே கேட்கும்படி கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அந்தக் காலத்து நர்ஸுகளிடம் இருந்த சேவை மனப்பான்மை எங்கே போயிற்று? இப்போதைய நர்ஸுகளுக்குக் கட்டாயமாக மனிதநேயப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று நீங்கள் எழுதவேண்டும்.

இன்னொன்று. பிளஸ் டூ முடித்த என் மகள் பி.எஸ்ஸி. நர்சிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பாட்டிக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். வீட்டில் யாருக்கும் இதில் இஷ்டமில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

(அம்மாவின் விஷயம் என்பதால் என் பெயரை வெளியிடவேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மாவின் புண். டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள். நாற்றம், சீழ், கருப்பு நிறம், காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இன்றைக்கே மறுபடி காட்டுங்கள். வீட்டில் செய்யக்கூடாதவை சில உண்டு, நம் ஊரில் அன்போடு செய்யப்படுபவை. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். உள்ளே நைந்திருக்கும் தசை அதனால் இன்னும் கெடும். மருந்துக்கடையில் விற்கும் காற்றடைத்த வளையத்தின்மேல் உட்காரவைக்காதீர்கள். அது ஓட்டையைச் சுற்றியுள்ள இடத்தை அழுத்தி, நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது முழுக்கப் புரட்டவேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாக, முப்பது டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் விரிப்பின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்தவேண்டும், இழுக்கக்கூடாது. அப்புறம் டாக்டர் தடுக்கவில்லையென்றால் முட்டை, மீன், பருப்பு. புண் ஆறப் புரதம் வேண்டும்.

இதையெல்லாம் வார்டிலேயே உங்கள் மனைவிக்கு யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். அதுவும் நர்ஸின் வேலைதான். ஏன் நடக்கவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள் அரை வரியில் கடந்துபோய்விட்டீர்கள்: முப்பது கட்டிலுக்கு ஒரே ஒரு சிஸ்டர்.

நைட் டியூட்டி இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை என்று வைத்துக்கொள்வோம். 720 நிமிடம். முப்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 24 நிமிடம், ஒரு முழு ராத்திரிக்கு. ட்ரிப்ஸ் மாற்றுவது, ஊசி, பிபி பார்ப்பது, நடுராத்திரியில் வரும் புது அட்மிஷன், கேஸ் ஷீட் எழுதுவது, காலையில் அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது எல்லாம் அந்த 24 நிமிடத்துக்குள் அடங்கவேண்டும். உங்கள் அம்மாவைப் போன்றவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைப்பதுதான் வழக்கமான விதி. ராத்திரியில் ஆறு தடவை. ஒரு தடவைக்கு நாலைந்து நிமிடம் என்றால் அந்த ஒரு வேலையே அம்மாவின் முழுப் பங்கையும் தின்றுவிடும். அதே வார்டில் அப்படித் திருப்பவேண்டியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருந்தார்களோ. அந்த இடத்தில் எவ்வளவு கருணை உள்ளவரை நிறுத்தினாலும் படுக்கைப்புண் வந்தே தீரும்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் அளவு, போதனா மருத்துவமனையின் (மருத்துவ மாணவர்கள் பயிலும் ஆஸ்பத்திரி) பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களுக்காக அதற்கு மேல் 30 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளவேண்டும். ஐந்து எங்கே, முப்பது எங்கே.

எண்ணிக்கைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஐக்கன் என்ற நர்ஸ்-ஆய்வாளர் தன் குழுவோடு 168 ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்து, 2002இல் முடிவை வெளியிட்டார். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடக் கூட, முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நாலு பேரைப் பார்க்கும் இடத்துக்கும் எட்டு பேரைப் பார்க்கும் இடத்துக்கும் 31 சதவீத வித்தியாசம். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: பட்டம் படித்த நர்ஸுகளின் விகிதம் 10 சதவீதம் கூடும்போது இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. இந்த எண்களை அப்படியே முப்பதால் பெருக்கி நம் வார்டுக்குப் பொருத்தக்கூடாது. அவர்கள் அளந்த சுமையே நம்முடையதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்கள் எந்த நல்ல ஆஸ்பத்திரியிலும் வரும். வந்ததை எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் உயிர் நிற்கிறது. டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து சில நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார். மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது, நேற்று தெளிவாகப் பேசிய பாட்டி இன்று குழறுகிறார் என்பதையெல்லாம் முதலில் காணக்கூடியவர் நர்ஸ் ஒருவர்தான். அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, குடித்த அளவையும் சிறுநீரின் அளவையும் ஒருவர் குறித்து வந்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்.

பியாட்ரிஸ் காலிஷ் என்ற அமெரிக்க நர்ஸ்-ஆய்வாளர் 2006இல், வார்டில் செய்யாமல் விடுபடும் நர்சிங் வேலைகள் என்னென்ன என்று நர்ஸுகளிடமே கேட்டார். நடக்கவைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பது, உடம்பு துடைப்பது, குடித்ததையும் கழித்ததையும் குறிப்பது, வீட்டுக்குப் போனபின் செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுப்பது, ஆறுதலாகப் பேசுவது என்று பட்டியல் நீண்டது. உங்கள் கடிதத்தில் இருப்பது ஏறக்குறைய அதே பட்டியல்தான். பிறகு 12 ஐரோப்பிய நாடுகளில் கேட்டபோது, கடைசியாகப் பார்த்த ஷிப்டில் நோயாளியிடம் ஆறுதலாகப் பேசுவதற்கு நேரமில்லை என்று சொன்னவர்கள் 53 சதவீதம். சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்றவர்கள் 41 சதவீதம். நேரம் போதாதபோது ஊசியையும் மருந்தையும் விடமுடியாது. முதலில் போவது பேச்சு. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அது கருணையின்மையாகத்தான் தெரியும்.

அந்தக் கத்தலை இது நியாயப்படுத்தாது. வலியில் படுத்திருக்கும் ஒரு முதியவரை வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டியது தவறு. நீங்கள் புகார் எழுதினால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் புகாரில் அந்தப் பெண்ணின் பெயரோடு, அன்றிரவு அங்கே எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸுகள் என்பதையும் எழுதுங்கள். எண்ணிக்கை இல்லாத புகாருக்கு அவர் மேல் ஒரு மெமோ வரும், அதோடு முடியும். அடுத்த ராத்திரியும் அங்கே ஒருவர்தான் இருப்பார். மனிதநேயப் பயிற்சியைப் பற்றி நான் எழுதமாட்டேன் என்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பயிற்சிக்குப் போகும் நாளிலும் வார்டில் ஒரு ஆள் குறையும்.

சேவை மனப்பான்மை என்றதும் நாம் நினைவுகூரும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், எண்ணிப் பார்ப்பதில் உறுதியான நம்பிக்கை வைத்திருந்தவர். லண்டன் புள்ளியியல் கழகம் 1858இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். போர்க்கால ஆஸ்பத்திரியில் காயத்தைவிடச் சுகாதாரக்கேட்டால் செத்தவர்களே அதிகம் என்பதை வரைபடம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார். அதனால்தான் மாற்றம் வந்தது.

கூடுதல் நர்ஸுகளை வைக்கச் செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் நாலு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டமே போட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த 27 ஆஸ்பத்திரிகளை மற்ற 28 ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. சட்டம் வந்த இடங்களில் இறப்பு குறைந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போனதாலும், திரும்ப அட்மிஷன் ஆவது தவிர்க்கப்பட்டதாலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸுகளுக்கு ஆன செலவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் அம்மாவின் புண்ணுக்கு இப்போது டிரெஸ்ஸிங், மருந்து, ஆட்டோ, நீங்கள் வேலைக்குப் போகாத நாட்கள் என்று ஆகும் செலவு எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வராது. உங்கள் மனைவி தூங்காமல் பார்த்த வேலையும் எந்தக் கணக்கிலும் இல்லை.

படித்தவர்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. புதுச்சேரியிலும் கடலூரைச் சுற்றியும் நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரியைத் தேடி நோயாளிகள் வருகிற அதே பாதையில் நர்சிங் மாணவிகளும் தினமும் பஸ் ஏறுகிறார்கள். படித்து முடித்தபின் நாம் அவர்களை எப்படி வைத்திருக்கிறோம்? தமிழ்நாட்டில் 2015இல் தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தோம். இரண்டு வருடத்தில் நிரந்தரமாகும் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடவேண்டி வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் அமைக்கச் சொன்ன குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. உங்கள் ஊரிலேயே ஏதாவது ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் பெண்ணிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். உலகம் முழுக்க 58 லட்சம் நர்ஸுகள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. வளைகுடாவும் இங்கிலாந்தும் கூப்பிடுகின்றன. போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

சரி, உங்கள் மகள். படிக்கவையுங்கள். பாட்டியின் வார்டைப் பார்த்தபின்பும் அந்த வேலைதான் வேண்டும் என்கிறாள் என்றால், அங்கே எது குறைகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருடப் படிப்பில் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் உண்டு. ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும்கூட உண்டு. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பலவற்றைச் செய்தவர்கள் நர்ஸுகள்தான். படுக்கைப்புண் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படும் பிரேடன் அளவுகோலை 1980களில் உருவாக்கியதும் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு நர்ஸுகள். கட்டிலின் தலைமாட்டில் நின்று யோசிக்கிற ஒருத்தி என்னென்ன செய்யமுடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் மாநில கவுன்சிலின் அங்கீகாரமும் இந்த ஆண்டுக்கு இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள், விளம்பரப் பலகையை நம்பவேண்டாம். கல்லூரிக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிறதா, இருந்தால் கட்டில்களில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா என்று ஒரு மத்தியான நேரத்தில் உள்ளே நடந்து போய்ப் பாருங்கள். மூன்றாம் வருட, நாலாம் வருட மாணவிகளிடம் தனியாகப் பேசுங்கள். நைட் டியூட்டியில் பக்கத்தில் நின்று சொல்லித்தர சீனியர் யாராவது இருக்கிறார்களா, இல்லை சம்பளமில்லாத ஆளாக வார்டையே ஒப்படைத்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் அங்கே ஃபீஸ் கட்டாதீர்கள்.