பட்டியலின் அடியில் இருக்கும் பெயர்

கேள்வி: ஒவ்வொரு டிசெம்பரிலும் பத்திரிகைகளில் வரும் ‘ஆண்டின் சிறந்த நூல்கள்’ பட்டியலை வெட்டி வைத்துக்கொண்டு புத்தகங்கள் வாங்குகிறேன். கடந்த முறை வாங்கிய ஐந்தில் ஒன்றைத்தான் முடித்தேன். எனக்கு ரசனை போதாதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் சற்று யோசியுங்கள். டிசெம்பர் இதழுக்கு நவம்பரிலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்களோ ஜனவரியில் வழக்கமாக நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் புதிய நூல்களைக் குவிக்கின்றன. அவை இந்த ஆண்டுப் பட்டியலுக்குப் பிந்திவிடும். அடுத்த பட்டியல் வருவதற்குள் பழையவையாகிவிடும். நம் நாட்டில் சில நூறு பிரதிகளே அச்சாகும் ஒரு கவிதைத் தொகுப்பு, சென்னையில் பட்டியலிடுபவரின் கைக்குப் போய்ச் சேர்வதே அரிது. இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் ஆங்கில நாவலுக்கு 2022இல் புக்கர் பரிசு கிடைத்ததே, அந்த நாவலின் முந்தைய வடிவம் 2020இலேயே இந்தியாவில் வேறு தலைப்பில் வெளிவந்துவிட்டது. அதை எந்த ஆண்டின் நூல் என்பது?

நானும் பட்டியல்களை விடாமல் பார்ப்பவள்தான். ஆனால் முதலில் பார்ப்பது அடியில் இருக்கும், பட்டியலிட்டவரின் பெயரை. ‘கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல்’ என்று மட்டும் எழுதுகிறவரைக் கடந்துவிடுவேன். நூலுக்குள் என்ன இருக்கிறது, தன்னை எது பிடித்து நிறுத்தியது என்று இரண்டு வரி சொல்கிறவரிடம் நின்றுவிடுவேன்.

பெயரைப் பார்த்த பின்னும் உடனே வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புத்தகசாலையில் முதல் பக்கத்தைத் தொடவே மாட்டார். நின்றபடியே எழுபதாம் பக்கத்தைத் திறப்பார். முதல் பக்கத்தை எழுத்தாளர் பத்து முறை திருத்தியிருப்பார், எழுபதாம் பக்கத்தில்தான் அவருடைய உண்மையான கை தெரியும் என்பார். அவரிடமிருந்து இந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. வீண் செலவு பெரிதும் குறைந்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். அன்று புகழப்பட்டவற்றில் எவை இன்னும் கைமாறித் தேய்ந்திருக்கின்றன, எவை மடிப்புக் கலையாமல் இருக்கின்றன என்று பாருங்கள்.

வாசிக்காத நான்கையும் அலுமாரியிலேயே வைத்திருங்கள், அவசரமில்லை. நீங்கள் முடித்த அந்த ஒன்றைப் பட்டியலில் சேர்த்தவர் யார்? அவர் முந்தைய ஆண்டுகளில் சொன்ன நூல்களைத் தேடி எடுத்து, இந்த முறை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.