இடுப்புக் கிண்ணம் ஆழமில்லை என்றால் உடனே மூட்டு மாற்று ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26. ஆந்திர எல்லையில் நகரியில் இருக்கிறோம். ஆறு வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். இரண்டு வருடமாக வலது தொடை இடுக்கில் வலி. மத்தியானத்துக்கு மேல் நான் நொண்டுவதாகக் கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், 'பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் ஆழமில்லை, கோணம் 16 டிகிரி' என்று எழுதி, மூட்டையே மாற்றச் சொன்னார். இன்னொருவர், துளை போட்டு உள்ளே கிழிந்த சவ்வைச் சரி செய்தால் போதும் என்கிறார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், அரசுக் காப்பீட்டு அட்டையிலேயே எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் முன்பணமும் என் எக்ஸ்ரேயும் வாங்கிப் போயிருக்கிறார். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். ஆபரேஷன் இப்போதே வேண்டுமா? அதற்குப் பிறகு தரையில் உட்கார, பிள்ளை பெற முடியுமா?
– வாசகி, நகரி

பதில்: இப்போதைக்கு மூட்டை மாற்றிக்கொள்ள வேண்டாம். துளை மட்டும் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். அப்பாவுக்குத் தெரிந்தவரிடம் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மூன்றில் கடைசி விஷயம்தான் எனக்கு அவசரமாகப் படுகிறது. ஆனாலும் மூட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தொடை இடுக்கு என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நம் பேச்சில் 'இடுப்பு வலி' என்றால் முதுகின் அடிப்பகுதி. அப்படிச் சொல்லிக்கொண்டு போகிறவருக்கு முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்து, பெல்ட் மாட்டி, ஆறு மாதம் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டால், இடுப்பு மூட்டுக்காரர்கள் பெரும்பாலும் பேசவே மாட்டார்கள். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் தொடை இடுக்கில் என்று பக்கவாட்டில் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தப் பிடியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

உங்கள் மூட்டில் நடந்திருப்பது இதுதான். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது குழிப்பணியாரச் சட்டியின் குழி மாதிரி ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்து சுழல வேண்டும். உங்களுக்கு அந்த இடத்தில் ஆப்பச்சட்டி இருக்கிறது. பந்து வெளியே வந்துவிடவில்லை, ஆனால் மேல்பக்கம் கூரை போதவில்லை. உடம்பின் எடை முழுக்கக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டையில் இறங்குகிறது. அந்த ஓரத்தைச் சுற்றியுள்ள சவ்வு முதலில் கிழியும், பிறகு குருத்தெலும்பு தேயும். பந்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே ஒரு கோடு, கிண்ணத்தின் வெளி ஓரத்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம்தான் அந்த 16. விபெர்க் என்ற சுவீடன்காரர் 1939இல் சொன்ன அளவு இது. 25க்கு மேல் இருந்தால் இயல்பு, 20க்குக் கீழே என்றால் குறைபாடு.

இது நீங்கள் பிறந்தபோதே, அல்லது முதல் சில மாதங்களிலேயே, கண்டுபிடித்திருக்கக் கூடியது. பெண் குழந்தை, தலைச்சன், வயிற்றில் தலை மேலாக இருந்த குழந்தை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தது என்றால் தேடிப் பார்க்க வேண்டும். அந்த வயதில் பெரும்பாலும் வார் கட்டியே சரி செய்துவிடலாம், கத்தி வேண்டாம். ஆஸ்திரியாவில் 1992 முதல் எல்லாப் பச்சிளங்குழந்தைக்கும் இடுப்பு ஸ்கேன் செய்கிறார்கள். நம் நாட்டிலும் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் இந்தக் குறைபாடு இருக்கிறது. பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே விட்டதை 26 வயதில் நானும் நீங்களும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இனி வழி என்ன. உங்கள் வயதில், குருத்தெலும்பு இன்னும் உயிரோடு இருந்தால், செய்ய வேண்டியது கிண்ணத்தைத் திருப்பி வைப்பது. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, அதைச் சாய்த்துப் பந்தின் மேல் கூரையாகக் கவிழ்த்து, மூன்று நான்கு ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். பி.ஏ.ஓ. என்று கேளுங்கள், விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ஸ் என்பவர் 1984இல் தொடங்கிய முறை. அவர்களுடைய முதல் 75 இடுப்புகளைத் தொடர்ந்து கவனித்ததில், 20 வருடம் கழித்தும் 60 சதவீதம் மூட்டு மாற்றாமலே ஓடின. 30 வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அவை அவர்கள் கற்றுக்கொண்டிருந்த காலத்து ஆபரேஷன்கள், தேய்ந்துபோன மூட்டுகளும் அதில் உண்டு. ஆயுசுக்கும் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூட்டு மாற்று கெட்ட ஆபரேஷன் இல்லை. வைத்த மூட்டுகளில் 58 சதவீதம் 25 வருடம் தாண்டுகின்றன. ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பாலும் அறுபது எழுபது வயதுக்காரர்கள். நீங்கள் 26இல் வைத்தால் இன்னும் ஒரு முறையாவது, சில நேரம் இரண்டு முறையாவது மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் எலும்பு குறையும். குந்துவதும் சம்மணம் போடுவதும் அதோடு போச்சு. குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்றால் 26 ஆனாலும் மாற்றத்தான் வேண்டும். உங்களுக்கு அந்த நிலை என்று நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை.

துளை ஆபரேஷனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். சவ்வு ஏன் கிழிந்தது? கூரை குட்டை என்பதால். கூரையை விட்டுவிட்டுச் சவ்வை மட்டும் செதுக்கினால், மழை ஒழுகும் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதை. அதைவிட மோசம், பந்தைப் பிடித்துவைத்திருந்த கடைசிப் பிடியையும் தளர்த்திவிடுவது. முன்னைவிட வேகமாக மூட்டு கெட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு சின்னத் தழும்பு, ஒரு நாளில் வீடு என்பதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் சொல்லாமல் விட்டால் பத்துப் பேர் கடிதம் போடுவார்கள். கோணம் 20க்கும் 25க்கும் நடுவில் இருக்கிறவர்கள் எல்லைக்கோட்டுக்காரர்கள். மூட்டு தளர்ச்சி இல்லாமல், சவ்வில் தெளிவான கிழிசல் மட்டும் இருந்தால், அவர்களில் சிலருக்குத் துளை மட்டும் போதும். அதிலும் செதுக்கக் கூடாது, தைக்க வேண்டும், மூட்டின் உறையை மூடிவிட்டு வர வேண்டும். இங்கே இன்னொரு வம்பு. அந்தக் கோணமே சரியா என்று யார் பார்த்தார்கள்? எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்பு கொஞ்சம் திரும்பியிருந்தாலோ சாய்ந்திருந்தாலோ நம்பர் மாறும். 22 என்பது 18 ஆகும், 18 என்பது 22 ஆகும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழே இரண்டு பக்கமும் முட்டை வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் தெரியும். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுவில் வால் எலும்பின் நுனி, முன்பக்க எலும்புகள் சேரும் கோட்டுக்கு நேராக வர வேண்டும். ஓர் ஓட்டை ஒடுங்கி மற்றது அகலமாக இருந்தால் அந்தப் படத்தில் அளந்த கோணத்துக்கு மதிப்பில்லை. நின்றபடி, இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வருகிற மாதிரி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் அடுத்த பக்கத்திலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது சகஜம். எல்லைக்கோட்டுக்காரர்கள் நல்ல படம் இல்லாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

உங்களுக்கு 16. படம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் இயல்பாகிவிடாது. அடுத்தது குருத்தெலும்பு எப்படி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும், அது இடுப்பு மூட்டுக்கு, முதுகுக்கு அல்ல. அதைப் பி.ஏ.ஓ. வழக்கமாகச் செய்கிற ஒருவரிடம் காட்டுங்கள். போன வருடம் எத்தனை செய்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இப்போது அந்தத் 'தெரிந்தவர்'. வேலூருக்கு வைத்தியத்துக்காக வந்து காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிற எல்லோருக்கும் இந்த மாதிரித் தரகர்களைத் தெரியும். ஐயாவைத் தெரியும், டோக்கன் வாங்கித் தருகிறேன், லாட்ஜ் இருக்கிறது, பேக்கேஜ் பேசிவிடலாம் என்பார்கள். அவருக்குக் கிடைக்கும் பங்கு உங்கள் பில்லில்தான் ஏறும். கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் டாக்டர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. தரகரை அந்த விதி கட்டாது. இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஆபரேஷனில் பங்கு அதிகமோ அந்த ஆபரேஷன்தான் உங்களுக்குத் தேவை என்று அவர் சொல்வார். முழங்கால் மூட்டுக்கு 2017இல் மத்திய அரசு உச்சவிலை வைத்தது. அந்த ஆணையில் இடுப்பு மூட்டு இல்லை. 'இம்போர்ட்டட் மூட்டு' என்ற வார்த்தை அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

அட்டை விஷயமும் அப்படியே. உங்கள் வீட்டில் இருப்பது ஆந்திர அட்டை, நாம் இன்னும் ஆரோக்கியஸ்ரீ என்றே சொல்கிற திட்டம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நகரி அந்தப் பக்கம் நின்றது. கோடு போட்டவர்களுக்கு உங்கள் இடுப்பைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. தரகர் அடுத்துச் சொல்லப்போவதை நானே சொல்கிறேன்: 'திருத்தணியில் அத்தை வீடு இருக்கிறதல்லவா, அவர்கள் கார்டில் பெயரைச் சேர்த்துவிடலாம்.' சேர்க்காதீர்கள். நடுவில் பிடிபட்டால் ஆபரேஷன் தேதி ரத்தாகும், வழக்கும் வரலாம். எந்த ஆஸ்பத்திரியில் உங்கள் அட்டை செல்லும், எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் திட்ட மேசையிலேயே கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். அங்கேயும் ஒரு கூத்து நடக்கும். கிண்ணம் திருப்புகிற ஆபரேஷனுக்கு நான் ஒரு பெண்ணுக்காக முன்அனுமதி கேட்டபோது, 'பட்டியலில் இந்தப் பெயர் கிடைக்கவில்லை, மூட்டு மாற்று என்று போட்டு அனுப்புங்கள், உடனே தருகிறோம்' என்றார்கள். பட்டியலுக்காக எலும்பை மாற்றச் சொல்கிறார்கள்! மூன்று கடிதம், நாற்பது நாள் ஆனது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே புத்தூர் என்பதால் யாராவது கட்டுப் போடச் சொல்லியிருப்பார்கள். முறிவுக்குக் கட்டு என்பது வேறு பேச்சு. ஆழமில்லாத கிண்ணத்துக்கு எந்தக் கட்டும் ஆழம் தராது. பெயர் எழுதாத பொட்டல மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாகப் போகும், பிறகு பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகவும் கூடும்.

ஆபரேஷன் இப்போதே வேண்டுமா என்றால், அடுத்த வாரமே வேண்டாம். ஐந்து வருடம் தள்ளவும் கூடாது. முதலில் மூன்று மாதம் பிஸியோதெரபி, இடுப்பின் பக்கத் தசைக்கு. கண்ணாடி முன் வலது காலில் மட்டும் நின்று பாருங்கள். இடது பக்க இடுப்பு கீழே தொங்கினால் அந்தத் தசை களைத்துவிட்டது என்று பொருள். உங்கள் மத்தியான நொண்டலும் அதனால்தான். இரண்டு தறிக்கு நடுவே நாள் முழுக்க நடப்பதும், அறுந்த பாவு நூலை முடிச்சுப் போட ஒரு காலில் சாய்ந்து எட்டுவதும் இந்த மூட்டுக்கு ஆகாது. முடிந்தால் நூலைத் தார் சுற்றுகிற வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள், உட்கார்ந்து செய்யலாம். வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள், கிட்னி தாங்காது. அதற்குப் பிறகும் வலி நிற்கவில்லை, எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது என்றால் தேதி குறியுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல். தறிக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம். தொடையின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும், பலருக்கு அது முழுக்கத் திரும்பாது, பெரிய தொந்தரவும் தராது.

தரையில் உட்காரலாம். பிள்ளை பெறலாம், பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே நடக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு நன்றாகக் கூடி, கால் பலமாக, ஒரு வருடம் விட்டுக் கருத்தரியுங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் அதன் இடுப்புக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களே பிடிவாதம் பிடியுங்கள், யாரும் தானாகச் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று அம்மா கேட்பார். ஆறு மாதம் ஊன்றுகோலும் ஓய்வுமாக இருக்கப்போகிற பெண் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுங்கள்.

அந்த 5,000 திரும்ப வராது, அதற்காக அப்பாவோடு சண்டை போடாதீர்கள். எக்ஸ்ரேயை மட்டும் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. ஆதார் நகல் கொடுத்திருந்தால் அதையும். தர மறுத்தால் படம் எடுத்த ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவர்கள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். வாங்கியதும் படத்தைச் சுருட்டாமல், மடிக்காமல் எடுத்து வாருங்கள்.