பாசிப் படலம்: கண் சொல்வதா, கருவி சொல்வதா?

கேள்வி: ஐயா, எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அம்மா எடுத்து வந்த கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியில் அகர் என்ற கூழ்ப்பொருளைக் காய்ச்சி, மிஞ்சிய சக்கையில் எடுத்த நானோ செல்லுலோசை (மிக நுண்ணிய நார் இழைகளை)க் கலந்து படலம் வார்த்தேன். செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ஒளி ஊடுருவலை அளக்கும் யுவி-விசிபிள் கருவியோ 550 நானோமீட்டர் அலைநீளத்தில் 41 சதவீத ஒளிதான் ஊடுருவுகிறது என்கிறது. கருவி பழுதா?
– வாசகி, மண்டபம்

பதில்: கருவியைத் திட்டாதே மகளே. அதன் உணரி படலத்துக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. நேராக வந்து விழும் ஒளிதான் அதன் கணக்கில் ஏறும்; சிதறி ஒதுங்கியதையும் உறிஞ்சப்பட்ட கணக்கில் எழுதிவிடும்.

படலத்தைத் தாளிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பார். எழுத்து கலங்கினால் சிதறல்தான். ஒட்டியிருக்கும்போது ஒளி விலகிப் போக இடமில்லை. தூக்கியதும் பக்கத்து எழுத்தின் ஒளியும் வந்து குழப்பும்.

அகர், செல்லுலோஸ் இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஏறக்குறைய 1.5. அதனால் அவற்றுக்கிடையே பெரிய சிதறல் வராது. என் சந்தேகமெல்லாம் காற்றின் மேல்தான். அதற்கு எண் 1; இந்த வித்தியாசம்தான் ஒளியைச் சிதறடிக்கும். குமிழியாகவோ, திரண்ட இழைகளின் இடுக்கிலோ, சொரசொரத்த மேற்பரப்பிலோ அது இருக்கும். ஒரு துண்டின் இருபுறமும் தேங்காய் எண்ணெய் தடவிப் பார். மங்கல் போனால் குற்றம் மேற்பரப்பில், போகாவிட்டால் உள்ளே. உள்ளே என்றால், அடுத்த முறை கரைசல் சூடாக இருக்கும்போதே குமிழி அடங்க விட்டு வார்த்துவிடு. 40 டிகிரிக்குக் கீழே போனால் அகர் உறைந்து, குமிழியும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

சரியான அளவுக்கு இன்டகிரேட்டிங் ஸ்பியர் வேண்டும். உள்ளே வெள்ளை பூசிய கோளம். சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும். அதிலும் 100 வராது. இரு பக்கமும் தலா 4 சதவீதம் எதிரொளித்துவிடுவதால் 92-ஐ ஒட்டித்தான் உச்சம். கோளத்தில் 85 வந்தால், உன் படலம் ஒளியை விடுகிறது, உருவத்தை மட்டும் குலைக்கிறது என்று அர்த்தம். ஊடுருவிய ஒளியில் 2.5 டிகிரிக்கு மேல் விலகிய பங்கைத்தான் 'ஹேஸ்' என்பார்கள். சூரிய மின்கலத்தின் மேல் ஒட்ட அப்படிப்பட்ட படலத்தைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. மீன் பொட்டலம் சுற்றத்தான் ஆகாது. வாங்குகிறவர் மீனின் கண்ணைப் பார்க்க வேண்டுமே!

ஸ்குரூகேஜில் ஐந்தாறு இடத்தில் தடிமன் பார்த்து எழுது. தடிமன் சொல்லாத ஊடுருவல் எண்ணை நான் படிப்பதேயில்லை. வெளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி எடுத்துப் போ. நம் கரைக்காற்றின் ஈரம் ஏறினால் படலம் உப்பி, எழுதிய தடிமனே பொய்யாகிவிடும்.