ஞாயிற்றுக்கிழமையும் ஷூ பறக்கிறதா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூவை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான். ஆனால் நான் குளிக்கப் போனாலே பயந்து கதவருகில் வந்து நிற்கிறான். ஒரு மையத்தில் தலையில் ஒயர் மாட்டி ‘மூளை வரைபடம்’ எடுத்து, 40 அமர்வுகளுக்கு முன்பணம் கேட்கிறார்கள். முதலில் பயத்தைப் பார்ப்பதா, முரட்டுத்தனத்தையா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், அம்மா. தலையில் ஒயர் மாட்டி எடுத்தது ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு. அது வலிப்பு நோய்க்கு உதவும் பரிசோதனை. பிள்ளையின் பதற்றத்தையோ பிடிவாதத்தையோ அதில் கண்டுபிடிக்க முடியாது. வண்ணப்படத்தை நம்பி நகையை அடகு வைத்துவிட்டு வரும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. உளவியல் சிகிச்சை தருபவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஷூ பறக்கிறதா? இல்லையென்றால், நீங்கள் முரட்டுத்தனம் என்று சொல்வது பெரும்பாலும் பயம்தான். கத்தினால் லீவு கிடைக்கிறது, படபடப்பு அடங்குகிறது. மறுநாள் இன்னும் பலமாகக் கத்துகிறான். பயமும் அடமும் சேர்ந்தே வளர்கின்றன. சேர்த்தே பார்க்க வேண்டும்.

பயத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குவதுதான் சிகிச்சை. நீங்கள் குளிக்கும்போது இரண்டு நிமிடம் கூடத்தில் இருக்கட்டும். நான்கு நாள் கழித்து ஐந்து நிமிடம். இருந்துவிட்டால் வாய்விட்டுப் பாராட்டுங்கள். தங்கையை அடித்தால் அன்று டிவி கிடையாது. கத்தாமல் சொல்லுங்கள், ஒரு நாளும் மாற்றாதீர்கள். பெல்ட்டை எடுத்தால் பயம் கூடும்.

மாத்திரை? 2008-இல் அமெரிக்காவில் பதற்றமுள்ள 488 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இத்தகைய பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதத்தினர் நன்கு தேறினார்கள். செர்ட்ராலின் மாத்திரையும் சேர்ந்தபோது 81 சதவீதத்தினர். முதலில் பயிற்சி. போதவில்லை என்றால் மனநல மருத்துவர் எழுதட்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.

ஒரே ஒரு விலக்கு உண்டு. பள்ளியில் யாராவது அவனை உண்மையிலேயே அடித்தால், மிரட்டினால், கேலி செய்தால், தொடக்கூடாத இடத்தில் தொட்டால், அந்தப் பயம் நியாயமானது. அதைப் பழக்கக்கூடாது, நிறுத்த வேண்டும். ‘யார் அடித்தார்கள்?’ என்று நேரடியாகக் கேட்டால் வாயை மூடிக்கொள்வான். இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை யாரோடு சாப்பிட்டான், கழிப்பறைக்கு யாரோடு போனான் என்று கேளுங்கள். ஒரு நாள் சொல்லாவிட்டால் மறுநாளும் கேளுங்கள். இது தெரியாமல் பள்ளிக்குத் தள்ளாதீர்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. ஆனால் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒரு குழந்தையின் பயத்தை ஐந்து நிமிடத்தில் கேட்கச் சொல்லும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் எந்த நாள், எத்தனை மணி, என்ன நடந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். அதுவரை அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.