மைட்ரல் வால்வுக்கு ரிங்: சேலத்துக் கேள்விகள், இதய அறுவை மருத்துவரின் பதில்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து: டாக்டர், எங்க அம்மாவுக்கு 58 வயசு. மைட்ரல் வால்வுல லீக் அதிகமா இருக்கு, ரிங் வெச்சு சரி பண்ணிரலாம்னு சொல்றாங்க. ரிங்குன்னா புது வால்வுங்களா?

இல்லைங்க. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள அந்த வால்வு அம்மாவுடையதேதான். வாசற்காலில் கதவு மாதிரி, இரண்டு இதழ்களும் ஒரு விளிம்பில் தொங்குகின்றன. வாசற்கால் விரிந்துவிட்டால் கதவு நன்றாக இருந்தும் சேராது. விளிம்பின் முன்பக்கம் கெட்டியான நார்த்திசுவோடு ஒட்டியிருப்பதால் அதிகம் விரியாது, பின்பக்கம்தான் விரியும். ஆங்கில ‘டி’ எழுத்துபோல் இருந்த துவாரம் வட்டமாகிவிடும். பாலியஸ்டர் துணி சுற்றிய ரிங்கைத் தைத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். 1960களின் கடைசியில் பாரிஸில் இதய அறுவை மருத்துவர் அலென் கார்ப்பென்டியே கொண்டுவந்த வழி இது.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: இதழைத் தாங்கும் நாண் அறுந்திருக்கிறதா? அறுந்திருந்தால் ரிங் மட்டும் போதாது. கோர்டெக்ஸ் நூலில் புது நாண் போட்டோ, துருத்தும் பகுதியை வெட்டித் தைத்தோ இதழைச் சரிசெய்துவிட்டுத்தான் ரிங்.

அஸ்தம்பட்டி, தியேட்டர் நர்ஸ்: சார், ரிங் அளவு பாக்குற சைஸரை 28, 30, 32னு எடுத்துக் குடுக்கிறோம். எதை வெச்சு முடிவு பண்றீங்க?

நல்ல கேள்வி. பலர் நினைப்பதுபோல் விரிந்த துவாரத்தை அளப்பதில்லை, முன்னிதழை அளக்கிறோம். நாணைக் கொக்கியால் மெல்ல இழுத்து முன்னிதழை முழுதாக விரித்து, சைஸரை அதன்மேல் வைக்க வேண்டும். அகலம், உயரம் இரண்டும் பொருந்துகிற எண்தான் ரிங். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால், இதழ்த் தசை உபரியாக உள்ளவருக்குப் பெரியது. இதயம் வீங்கியதால் லீக் ஆனவருக்குச் சிறியது.

நூல் 2-0 தடிமன் பாலியஸ்டர், மெத்தைத் தையல் (மேட்ரஸ்), பெரும்பாலும் 12 முதல் 15 தையல். ஊசி இதழில் ஏறக்கூடாது. இதழ் மடிகிற கோட்டுக்கு 1-2 மி.மீ. வெளியே, விளிம்பில் ஆழமாக ஏற வேண்டும். ஆழம் அதிகமானால் ஆபத்து எங்கே என்று மனதில் வரைந்துகொள்ளுங்கள்: இடப்பக்க மூலையருகே இதயத் தசைக்கு ரத்தம் தரும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் ரத்தக்குழாய், வலப்பக்க மூலையருகே துடிப்பின் மின்சைகையைக் கடத்தும் ஏவி கணு, முன்பக்கம் அயோர்ட்டா (மகாதமனி) வால்வின் இதழ்கள். பம்பிலிருந்து (இதய-நுரையீரல் இயந்திரம்) இறக்கும்போது ஈசிஜியில் எஸ்.டி. என்கிற பகுதி திடீரென உயர்ந்தால் முதல் சந்தேகம் சர்க்கம்ஃப்ளெக்ஸ்மேல்தான்.

பிறகு பல்ப் சிரிஞ்சால் இடது வென்ட்ரிக்கிளில் (கீழறையில்) சலைன் நிரப்புவோம். இதழ்கள் பாய்மரம்போல் உப்பி, சேரும் கோடு பின்விளிம்புக்கு இணையாகச் சிரித்த வாய்போல் வளைந்து நிற்க வேண்டும். அந்தக் கோட்டில் மை தடவி, சலைனை உறிஞ்சிவிட்டு இதழைத் தூக்கிப் பார்த்தால், மைக்குக் கீழே மை படாத பகுதி குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும். அதுதான் ஒன்றோடொன்று ஒட்டும் பரப்பு. கடைசித் தீர்ப்பு உணவுக்குழாய் வழி எக்கோவுடையது. அதையும் பிரஷரைச் சாதாரண அளவுக்கு ஏற்றிய பிறகே பார்க்க வேண்டும். குறைந்த பிரஷரில் லீக் ஒளிந்துகொள்ளும்.

ஓமலூர், மயக்கவியல் மாணவி: பம்பிலிருந்து இறக்கினதும் முன்னிதழ் அயோர்ட்டா வழியை அடைச்சா உடனே திறக்கணுமா சார்?

அவசரப்படாதீர்கள். பின்னிதழ் உயரமாக விடப்பட்டாலோ ரிங் சிறிதாகப் போனாலோ இப்படி ஆகும். முதலில் அட்ரினலின் மாதிரியான மருந்தை நிறுத்தி, திரவம் ஏற்றி, துடிப்பைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மீண்டும் பம்ப்: பின்னிதழைக் குட்டையாக்க வேண்டும் அல்லது பெரிய ரிங் மாற்ற வேண்டும்.

ஆத்தூர்: ரிப்பேர் பண்ணி எட்டு மாசம். அப்பாவுக்கு யூரின் கடுங்காப்பி நிறத்துல போகுது, முகம் வெளுத்துருச்சு. வால்வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். தையல் விட்டு ரிங் ஓர் ஓரத்தில் பிரிந்தாலோ, மிச்சமுள்ள கசிவு வேகமாக ரிங்மேல் மோதினாலோ சிவப்பணுக்கள் உடையும். இந்த வாரமே எக்கோ, ஹீமோகுளோபின், சிவப்பணு உடைந்தால் உயரும் எல்டிஹெச் பாருங்கள். எக்கோ எடுப்பவரிடம் “ரிங் ஓரத்தைப் பாருங்கள்” என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

நாகலூர், ஏற்காடு: ஆபரேஷன் முடிஞ்சு மலைக்கு எப்பங்க போகலாம்? காப்பித் தோட்ட வேலை. கீரை சாப்பிடலாமா?

உயரம் பிரச்சினை இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். பிரச்சினை அறுவையில் பிளந்த நெஞ்செலும்பு. அது ஒட்டிச் சேர 6 முதல் 12 வாரம் ஆகும். டிஸ்சார்ஜ் ஆனதும் காரில் உட்கார்ந்து போகலாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காமல், நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். பைக் வேண்டாம். முதல் மூன்று மாதம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. காப்பி மூட்டையை அதற்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

ரிப்பேருக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை பொதுவாக 3 மாதம். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2-3 இருக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் தொடரும். கீரையை விட வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் அடுத்த வாரம் தினமும் என்பதுதான் ஐஎன்ஆரைக் குலைக்கும்.

அயோத்தியாப்பட்டணம்: ரிங் வெச்சவங்க பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம். வாய்க் கிருமி ரிங்கில் தொற்றாமலிருக்க 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், வேறு மருந்து உண்டு. வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறகு காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்டபின் எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம்.