உலக சினிமா விமர்சனங்களைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

பார்த்துவிட்டுப் படியுங்கள். 'மெல்ல நகரும் கவிதை' என்று எவரோ எழுதியதைப் படித்து மிரண்டு, படத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற ஆள் நீங்கள் என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு திரையிடல். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. வயசான அப்பா அம்மா ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை அவர்களுக்கு நல்ல கேக் வாங்கி வந்தால், பார்லர் வைத்திருக்கும் மகள் 'எதுக்கு இவ்வளவு விலையில?' என்று கடிந்துகொண்டே தானும் எடுத்துத் தின்கிறாள். யார் இவங்க என்று பார்லரில் கேட்டால், 'ஊர்ல தெரிஞ்சவங்க' என்கிறாள். அம்மாவை அடக்கம் செய்த கையோடு, அம்மா உடுத்திய கிமோனோவை (ஜப்பானிய உடை) தனக்கு என்று கேட்கிறாள். கருமாதிக்கு முன்னேயே பட்டுச்சேலைக்குப் பங்கு கேட்கிற அத்தைகளைப் பார்த்து வளர்ந்த கூட்டம் அல்லவா, அரங்கே சிரித்தது. (கதையைச் சொல்லிவிட்டேன் என்று வராதீர்கள். படம் வந்து 70 வருஷத்துக்கு மேலாகிறது.)

பிறகு பேச வந்தவர் ஜென் என்கிற பௌத்த தியான மரபு, வெறுமை, மௌனம் என்றே பேசினார். "அந்தக் கேக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்று எழுந்து கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க கதையப் பாக்கீங்க, நான் ஃப்ரேமப் பாக்கேன்" என்றார். இன்னமும் எரிகிறது.

ஃப்ரேம், அதாவது திரையில் காட்சியை அமைக்கிற விதம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓசு கேமராவைத் தாழ வைத்து அநேகமாக அசைக்காமல் விடுவது எனக்கும் தெரியும். அப்படி விட்டதால்தானே அந்த மகளின் கை கேக்குக்குப் போவது கண்ணில் படுகிறது?

ஜென் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் சொல்வதில்லை. இந்தக் கதைக்கு விதை ஓர் அமெரிக்கப் படம், லியோ மெக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ', 1937. ஓசுவோடு திரைக்கதை எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். அதில் பெற்றோரின் வீடு வங்கிக்குப் போய்விட, பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். பார்க்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசுவிடம் அந்தக் கோபம்கூட முழுசாக வராது. மூத்தவன் டாக்டர். பெற்றோரை வெளியே கூட்டிப்போகக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து நோயாளி வீட்டிலிருந்து ஆள் வருகிறது. அவனை எப்படித் திட்ட?

  

மெக்கேரி படம் ஒன்றரை மணி நேரம்தான். அதை முதலில் பாருங்கள்.