குச்சிக்கிழங்கு வெள்ளை ஈதான் தக்காளியைச் சுருட்டுகிறதா? டிஎன்ஏ பரிசோதனையில் எது தெரியும், எது தெரியாது

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி நட்டு 35 நாள் ஆகிறது. நூற்றுக்குப் பதினைந்து செடி குருத்து சுருண்டு, இலை வெளிறி, வளராமல் நின்றுவிட்டது. வடக்கு வரப்பை ஒட்டிப் பங்காளியின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), 5 மாதப் பயிர். அதில் இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோயும் இருக்கிறது, இலைக்கடியில் வெள்ளை ஈயும் அப்பிக் கிடக்கிறது. அங்கிருந்துதான் எனக்கு வருகிறது என்று நான் சொல்ல, உன் தக்காளியிலிருந்துதான் என் கிழங்குக்கு வருகிறது என்று அவர் சொல்கிறார். ஈயைப் பிடித்து டிஎன்ஏ பார்த்தால் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமாமே? எப்படி எடுத்து எங்கே கொடுப்பது? அதுவரை என்ன மருந்து அடிப்பது?

பதில்: டிஎன்ஏவுக்குப் போகும் முன் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கைலென்ஸை வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வழக்கு அதிலேயே முடியலாம். குச்சிக்கிழங்கு இலையின் அடியில் வெள்ளை மெழுகுக் கோடு சுருள் சுருளாக ஓடி, குஞ்சுகள் பஞ்சு போர்த்தியதுபோல் கிடந்து, ஈ 2 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 1990களில் கேரளத்து மரவள்ளியில் தென்பட்டு இங்கே பரவியது. கொய்யாவிலும் அப்பும். சாற்றை உறிஞ்சும், கரும்பூசணம் படரவைக்கும். ஆனால் தக்காளி இலைச்சுருட்டை வைரஸைக் கடத்தாது. வைரஸைக் கடத்துவது 1 மில்லிமீட்டரே இருக்கும் சின்ன வெள்ளை ஈ. அதன் குஞ்சுக்குப் பஞ்சு இருக்காது; மஞ்சள் கலந்த தட்டையான செதில்போல் இலையோடு ஒட்டியிருக்கும். ‘அப்பிக் கிடக்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சுருள் வெள்ளை ஈயும் கலந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

லென்ஸில் பார்க்கும்போது ஈயைவிடக் குஞ்சைத் தேடுங்கள். சிறகுள்ள ஈ விருந்தாளி மாதிரி. காற்றில் வந்து எந்தச் செடியிலும் உட்காரும், சோளத்தில்கூட ஒரு நாள் இருந்துவிட்டுப் போகும். குஞ்சு அப்படியல்ல. முட்டையிலிருந்து வந்ததும் கொஞ்ச தூரம் நகர்ந்து ஓரிடத்தில் வாயூசியைச் செருகிவிட்டால், ஈயாகிப் பறக்கும்வரை அங்கேயேதான். ஓர் இலையில் குஞ்சு வளர்ந்து, ஈ வெளியேறிய வெறும் கூடும் கிடந்தால் அந்தச் செடி அதற்கு வீடு. பூச்சிக்கும் செடிக்கும் உள்ள உறவை டிஎன்ஏ வைத்து ஆராய்கிறவர்களும் முதலில் கேட்பது இதைத்தான்: மாதிரி குஞ்சா, ஈயா?

இனி டிஎன்ஏ. உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் சோதனை வேறு வேறு. எது வேண்டும் என்று சொல்லாமல் ஆய்வகத்தில் ஈயைக் கொடுத்தால் வேண்டாத விடையோடு திரும்பி வருவீர்கள்.

முதல் கேள்வி, இந்த ஈ எந்த இனம்? பூச்சியின் மைட்டோகாண்ட்ரியாவில் சிஓஐ என்று ஒரு மரபணு. அதில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்தால் இனம் தெரியும் என்று 2003இல் பால் ஹெபர்ட் குழுவினர் முன்வைத்தார்கள். ‘டிஎன்ஏ பார்கோடு’ என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டே கோஸ்டாரிகாவில், ஒரே இனம் என்று நம்பப்பட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி உண்மையில் பத்து இனம் என்று அந்த முறையில் காட்டினார்கள். வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் புழுக்கள் தின்ற செடிகள் வேறு, டிஎன்ஏவும் வேறு. வெள்ளை ஈயும் அப்படித்தான். பெமிசியா டபாசி என்ற ஒரே பெயருக்குள் கண்ணால் பிரிக்க முடியாத நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சிஓஐ எழுத்துகளில் 3.5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு இனம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் உங்கள் பகுதிக்குச் சம்பந்தமுள்ள சேதி ஒன்று உண்டு. ‘பி வகை’ எனப்படும் வெளிநாட்டு வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவானது 1999இல், கிருஷ்ணகிரிக்கு வடக்கே இருக்கும் கோலாரில், அதுவும் தக்காளியில். அது தக்காளியில் மளமளவென்று பெருகும். குச்சிக்கிழங்கில் அவ்வளவு எளிதில் குடியேறாது. ‘ஆசியா 1’ என்ற நம் ஊர் இனமோ குச்சிக்கிழங்கு, கத்தரி, பருத்தி, தக்காளி என்று எதிலும் வாழும். ஆகவே உங்கள் தக்காளிக் குஞ்சு பி வகை, கிழங்கில் எடுத்த குஞ்சு ஆசியா 1 என்று வந்தால், ஈ அங்கிருந்து வருகிறது என்ற வாதம் விழுந்துவிடும். இரண்டிலும் ஆசியா 1 என்று வந்தால் எதுவும் தீர்ந்துவிடாது. ஒரே இனம் இரண்டு வயலிலும் இருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

பி வகையைச் சந்தேகிக்கப் பரிசோதனை இல்லாமலே இரண்டு அடையாளம் உண்டு. பெங்களூரு சந்தைக்குச் சுக்கினி போட்டவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அதன் புது இலையைப் பாருங்கள். பி வகைக் குஞ்சு கீழ் இலையில் உறிஞ்சினால், மேலே புதிதாக விரியும் இலை வெள்ளி பூசியதுபோல் வெளுக்கும். தக்காளியில் பழம் ஒரே சீராகச் சிவக்காமல் வரி வரியாக நிற்கும். அறுத்தால் உள்ளே வெண்மையாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி நீங்கள் நேராகக் கேட்டது: இந்த ஈ எந்தச் செடியில் சாப்பிட்டுவிட்டு வந்தது? ஈயின் குடலில் மிச்சமிருக்கும் செடியின் டிஎன்ஏவைப் பெருக்கிப் படிக்க வழி இருக்கிறது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் டிஎன்ஏவில் டிஆர்என்எல் என்ற பகுதியில் சின்னத் துண்டாகப் பார்ப்பார்கள், குடலில் நீளமான துண்டு மிஞ்சாது என்பதால். இலையைக் கடித்துத் தின்னும் வண்டு, வெட்டுக்கிளியில் இது நன்றாக வேலை செய்யும். வெள்ளை ஈ உறிஞ்சுவது சாற்றுக்குழாயை. அந்தச் சாற்றில் செடியின் செல்லே அநேகமாக வராது, டிஎன்ஏ சொற்பம், அதுவும் நேரம் ஆக ஆகச் சிதைந்துபோகும். மேலும், தக்காளியும் கத்தரியும் ஒரே பேரினம் என்பதால் அத்தனை சின்னத் துண்டை வைத்து அவற்றைப் பிரிப்பது கடினம். ஈயின் உடம்பில் ஒட்டிய மகரந்தமும் இலைச்சாறும் பொய் விடை தரும் என்பதால், வெளிப்புறத்தை நீர்த்த பிளீச்சில் கழுவிய பிறகே டிஎன்ஏ பிரிக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது ‘அண்மையில் இதில் வாய் வைத்தது’ என்பது மட்டுமே. உங்கள் நிலைமையில் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் உங்களுக்கு வேண்டியது: எந்த வைரஸ்? தக்காளி இலைச்சுருட்டையும் மரவள்ளித் தேமலும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். பெகோமோ வைரஸ் என்பார்கள். ஆனால் ஒன்று மற்றொன்று அல்ல. தென்னிந்தியத் தக்காளியில் பெங்களூரு இலைச்சுருட்டை வைரஸ், நியூடெல்லி இலைச்சுருட்டை வைரஸ் போன்றவை. மரவள்ளியில் இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். பங்காளியின் கிழங்கில் தேமல் இருப்பதால் உங்கள் தக்காளி சுருளாது. உங்கள் தக்காளி சுருள்வதால் அவர் கிழங்கில் தேமலும் வராது.

பலர் ஏமாறுவது இங்கேதான். பெகோமோ வைரஸ் எதுவானாலும் பிடிக்கும் பொதுவான பிரைமர் (தேடும் பகுதியில் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு) போட்டுப் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) செய்தால், தக்காளி வைரஸுக்கும் மரவள்ளி வைரஸுக்கும், பெருக்கிய டிஎன்ஏவை ஓடவிடும் ஜெல்லில் ஒரே உயரத்தில்தான் கோடு விழும். தேமல் கிழங்கில் உறிஞ்சிய ஈயைத் தக்காளியில் பிடித்துச் சோதித்தால் ‘வைரஸ் உண்டு’ என்றே வரும். அதை வைத்துப் பங்காளியைக் குற்றம் சொன்னால் தவறு. ஈயின் குடலில் வைரஸ் இருப்பது வேறு, அது எச்சில் சுரப்பிவரை போய்ச் செடிக்குள் இறங்குவது வேறு. ஆகவே ஈயைவிடச் சுருண்ட தக்காளி இலையையும் தேமல் கிழங்கு இலையையும் கொடுங்கள். ‘கோடு விழுந்தால் போதாது, எழுத்து வரிசையும் படித்துத் தாருங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

மாதிரி எடுப்பது காலையில், வெயில் ஏறுமுன். அப்போது ஈ மந்தமாக இருக்கும். இலையை மெல்லத் திருப்பினால் பறக்காது. வைரஸ் சோதனைக்குக் குருத்தை ஒட்டிச் சுருண்ட இளம் இலை, ஐந்தாறு செடியிலிருந்து தனித்தனியாக. நோயில்லாத செடியின் இலையும் இரண்டு வேண்டும். அது இல்லாமல் சோதனை சரியாக நடந்ததா என்று ஒப்பிட முடியாது. காகிதத்தில் மடித்து, ஐஸ் பெட்டியிலோ சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவிலோ வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டி வண்டிப் பெட்டியில் போட்டால் மத்தியானத்துக்குள் வெந்து அழுகிவிடும்.

ஈ இனமும் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பயிரிலும் வெவ்வேறு செடியிலிருந்து இருபது முப்பது முதிர்ந்த குஞ்சு. ஊசி முனையால் பெயர்த்து, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் கூடாது, அது டிஎன்ஏவைப் பிணைத்துக் கெடுத்துவிடும். சானிடைசரும் வேண்டாம். தக்காளிக்கு ஒரு குப்பி, கிழங்குக்கு ஒரு குப்பி. கலந்தால் எல்லாம் வீண். கறுத்துப்போன குஞ்சையும், உள்ளே பழுப்பாக வேறேதோ அசைவது தெரியும் குஞ்சையும் விட்டுவிடுங்கள். அதற்குள் ஒட்டுண்ணிக் குளவி இருக்கும். பிசிஆர் அந்தக் குளவியின் டிஎன்ஏவைப் பெருக்கிவிட, முடிவில் வெள்ளை ஈக்குப் பதில் குளவியின் பெயர் வரும். பயிர், ஊர், தேதி, கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றைப் பென்சிலால் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ முதலில் செடியைக் காட்டுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வழியை அவர்கள் சொல்வார்கள். பூச்சி இனம் பார்க்க பெங்களூருவில் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இருக்கிறது. கட்டணம், எத்தனை நாள் ஆகும் என்பதைக் குப்பியோடு கிளம்புமுன் போனில் கேட்டுவிடுங்கள்.

முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வைரஸ் ஏறி இரண்டு மூன்று வாரம் கழித்தே செடி சுருளும். நட்ட 15 நாளுக்குள்ளேயே சில செடி சுருண்டிருந்தால் நோய் நாற்று வளர்த்த குழித்தட்டிலேயே ஏறியது, கேள்வி நாற்றுப்பண்ணைக்குப் போக வேண்டும். இப்போதுதான் சுருள ஆரம்பித்தது என்றால் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் வயலில் ஏறியிருக்கிறது. எங்கிருந்து? கிழங்கை விட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள்: காய் பறித்து முடித்து, கொடி பிடுங்காமல் விட்ட பழைய தக்காளிக் காடு, தானாய் முளைத்த தக்காளி, வரப்பில் பார்த்தீனியம். இந்த வைரஸுக்குக் களைகளில் பார்த்தீனியமும் ஓர் இருப்பிடம் என்பது கர்நாடகத்தில் பதிவான விஷயம்.

சுருண்டு, இன்னும் பிஞ்சு பிடிக்காத செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். முதல் நாள் மருந்து, மறுநாள் பிடுங்கல். மாற்றிச் செய்தால் பிடுங்கும் கை பட்டதும் வைரஸோடு ஈ பக்கத்துச் செடிக்குப் பறக்கும். காய் பிடித்த செடியை விட்டுவிடலாம், அது தரும் மகசூல் லாபம்.

மருந்துக்கு, பறக்கும் ஈ அதிகமென்றால் தயாமெத்தாக்சம் 25 டபிள்யூஜி, 10 லிட்டருக்கு 4 கிராம். குஞ்சு அதிகமென்றால் ஸ்பைரோமெசிஃபென் 22.9 எஸ்சி, 10 லிட்டருக்கு 12.5 மில்லி. இது குஞ்சையும் முட்டையையும் பிடிக்கும், ஈ உடனே விழாது. மறுநாள் ஈ பறப்பதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை ஊற்றாதீர்கள். தயாமெத்தாக்சமுக்கு அடுத்து இமிடாகுளோபிரிட் அடிப்பது மாற்றி அடிப்பது ஆகாது, இரண்டும் ஒரே வகை. சைபர்மெத்ரின் போன்றவை பக்கமே போகாதீர்கள், நல்ல பூச்சியெல்லாம் செத்து வெள்ளை ஈ இன்னும் கிளம்பும். பூ இருப்பதால் மாலையில், இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது டப்பா லேபிளில் இருக்கும்.

மஞ்சள் ஒட்டும் அட்டை ஏக்கருக்கு ஐந்து என்று உங்களுக்கு எட்டு போதும். அது ஈயை ஒழிக்க அல்ல, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க. வடக்கு வரப்பில் இரண்டு, மற்ற மூன்று பக்கமும் இரண்டிரண்டு வைத்து வாரம் ஒருமுறை எண்ணுங்கள். சண்டை பாதி அங்கேயே அடங்கும்.

அடுத்த நடவுக்கு அர்க்கா ரக்ஷக், அர்க்கா அபேத் போன்ற இலைச்சுருட்டை தாங்கும் ரகம் பாருங்கள். நாற்று 40 அல்லது 50 மெஷ் வலைக்குள் வளர்ந்ததா என்று பண்ணையில் நேரில் பார்த்து வாங்குங்கள். வெறும் நிழல்வலை வெள்ளை ஈயைத் தடுக்காது. வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளத்தைத் தக்காளிக்குப் பதினைந்து நாள் முன்பே விதைத்துவிடுங்கள்.

பங்காளியின் கிழங்கை அழிக்கச் சொல்லாதீர்கள். அதன் தேமல் பெரும்பாலும் கரணையிலேயே (நட்ட குச்சித் துண்டிலேயே) வந்திருக்கும். முளைத்து வந்த முதல் இலையிலேயே தேமல் இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் கரணைதான் காரணம். அடி இலை சுத்தமாக இருந்து மேலே மட்டும் வந்திருந்தால் ஈ கொண்டுவந்தது. தேமல் இல்லாத செடிகளில் இப்போதே கலர் துணி கட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறுவடையின்போது இலை உதிர்ந்திருக்கும், குச்சியைப் பார்த்து எது நல்லது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.